நாலு பேர், நாற்பது நிமிடம், இரண்டு பக்கம்: இசைக்குழுப் பேட்டிக்கு ஒரு திட்டம்



எங்கள் பிள்ளைகள் பலர் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் இசைக்குழு வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் அப்படியான குழுக்களைப் பற்றி இசைச் சஞ்சிகைகளுக்கு எழுத விரும்புகிறார்கள். "அங்கிள், நீங்கள் வானொலியில் பேட்டி காண்கிறீர்கள்தானே, ஒரு மியூசிக் குரூப்பைப் பேட்டி எடுப்பதென்றால் எங்கே தொடங்குவது?" என்று அவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இம்மாத உரையில் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தொழிலால் நான் கணக்காளன். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம். நாற்பது நிமிடம் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு நூறு சொல் என்று பார்த்தாலும் 4000 சொற்கள் வரும். சஞ்சிகையில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு பக்கம். தலைப்பும் படமும் போக, ஏறக்குறைய 1000 சொற்களுக்குத்தான் இடம் மிஞ்சும். அதாவது பேசியதில் நாலில் மூன்று பங்கு வெளியே போகிறது. வாசகருக்கு அது தெரியாது. பேசியவருக்குத் தெரியும். எதை விடுகிறோம், விட்ட பின் மிஞ்சியது அவர்கள் சொன்ன கருத்துத்தானா என்ற இரண்டு கேள்விகளையும் முதல் நாளிலிருந்தே மனதில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

முன்கூட்டிய வேலை

குழுவின் இசைத்தட்டுகளை முழுவதுமாகக் கேளுங்கள். பிறகு உறையில் உள்ள சிறிய எழுத்துகளை வாசியுங்கள். எந்தப் பாட்டை யார் எழுதினார், யார் ஒலிப்பதிவு செய்தார் என்பது அங்கேதான் இருக்கும். அவர்கள் முன்பு கொடுத்த பேட்டிகளையும் தேடி வாசியுங்கள். "குழுவுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?" என்று பத்துப் பேர் கேட்டிருந்தால் நீங்கள் பதினோராவது ஆளாக வேண்டாம். அந்த விபரத்தை ஒரு வரியில் நீங்களே எழுதிவிடலாம்.

அடுத்து, இந்தப் பேட்டி எதைப் பற்றியது என்று ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். "இரண்டாவது இசைத்தட்டுக்கு ஏன் நாலு வருடம் எடுத்தது?" என்பது போல ஒன்று. அந்த வசனம் எழுத வராவிட்டால் நீங்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை. அதற்குக் கீழே பத்துக் கேள்விகளுக்கு மேல் வேண்டாம். "ஆம்", "இல்லை" என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிர்த்து, "எப்படி", "ஏன்", "அன்றைக்கு என்ன நடந்தது" என்று கேட்பவற்றை வையுங்கள். இலகுவானவை முதலில், கடினமானவை நடுவில். கடினமான கேள்வியைக் கடைசி நிமிடத்துக்கு விட்டால், மறுமொழி வருமுன் அவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள்.

குழு என்பது ஒரு ஆள் அல்ல

தனிப் பாடகரைப் பேட்டி காண்பதற்கும் குழுவைக் காண்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நாலு பேர் இருந்தால் ஒருவர்தான் பேசுவார், அநேகமாகப் பாடுபவர். ட்ரம்ஸ் அடிப்பவர் சிரித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். அவரிடம் ஒன்றும் கேட்காமல் வந்தால், குழுவின் கதையில் ஒரு பாதியை விட்டுவிட்டு வருகிறீர்கள்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரில் 1982இல் தொடங்கி 1987இல் பிரிந்த குழு தி ஸ்மித்ஸ். பாட்டுகளை எழுதியவர்கள் பாடகர் மொரிசியும் கிட்டார் வாசித்த ஜொனி மாரும். இசைத்தட்டு, மேடை வருமானத்தில் ட்ரம்ஸ் அடித்த மைக் ஜொய்சுக்குக் கிடைத்தது நூற்றுக்குப் பத்து. நாலு பேர் சேர்ந்து நடத்திய குழுவில் தனக்குக் கால் பங்கு வரவேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார். 1996இல் இலண்டன் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மொரிசி மேன்முறையீடு செய்து 1998இல் தோற்றார். பாட்டு எழுதியதற்கான உரிமைப் பணம் இந்த வழக்கில் சேரவில்லை. அது எழுதியவர்களுக்கே உரியது. பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு என்பதை இசை பற்றி எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டும். இதற்கு மாறாக, அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு யார் எழுதினாலும் நாலு பேரின் பெயரையும் பாட்டுக்குப் போட்டது. உறையின் சிறிய எழுத்துகளை வாசியுங்கள் என்று சொன்னது இதனால்தான். பணத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்க வேண்டியதில்லை. "ஒரு பாட்டு எப்படி உருவாகிறது, முதலில் யார் தொடங்குவார்?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு முகங்களையும் கவனித்தால் பாதி மறுமொழி கிடைத்துவிடும்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் கேட்க ஒரு கேள்வியாவது எழுதி வையுங்கள். முடிந்தால் பத்து நிமிடம் தனித்தனியாகவும் பேசுங்கள். 1966இல் இலண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகைக்காக மொரீன் கிளீவ் பீட்டில்ஸ் குழுவின் நால்வரையும் அப்படித் தனித்தனியாகச் சந்தித்து, ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்.

அன்றைய நாளில்

ஒலிப்பதிவுக் கருவி இரண்டு வேண்டும். ஒன்று கைத்தொலைபேசியாக இருக்கலாம். ஒன்று நின்றுபோனாலும் மற்றது ஓடும். குழு ஒத்திகை பார்க்கும் அறையில் சத்தம் அதிகம். பக்கத்து அமைதியான அறையைக் கேளுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வாத்தியத்தையும் ஒலிவாங்கியில் சொல்லட்டும். பிறகு எழுதும்போது எந்தக் குரல் யாருடையது என்று தடுமாறத் தேவையில்லை. பதிவு செய்யக்கூடாத விடயம் ஏதும் இருந்தால் அதைச் சொல்லுமுன்பே தெரிவிக்கும்படி கேளுங்கள். கருவியை நிறுத்திய பின்பு பேசுவதை எழுதலாமா என்பதையும் முன்னரே பேசித் தீர்த்துவிடுங்கள்.

வானொலியில் நாங்கள் மௌனத்துக்குப் பயப்படுவோம். அச்சுக்கு எடுக்கும் பேட்டியில் அந்தப் பயம் வேண்டாம். ஒருவர் பேசி நிறுத்தினால் ஐந்து விநாடி பொறுங்கள். நல்ல விடயம் அதற்குப் பின்புதான் வரும்.

பக்கத்தில் ஏற்றும்போது

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நாலு மணி நேரமாவது எடுக்கும். அலுப்பான வேலைதான், ஆனாலும் முழுவதையும் இறக்குங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் நிமிடத்தைக் குறியுங்கள். கணக்கில் வவுச்சர் எப்படியோ, இங்கே அந்த நிமிடக் குறிப்பு அப்படி. பிறகு கேள்வி பதிலாகப் போடுவதா, கட்டுரையாக எழுதுவதா என்று தீர்மானியுங்கள். நால்வரும் நன்றாகப் பேசியிருந்தால் கேள்வி பதில் பொருந்தும். ஒருவர் மட்டும் பேசியிருந்தால் கட்டுரைதான் நல்லது. படத்தின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள் வரட்டும். இசைத்தட்டுகளின் பட்டியலை வருடத்தோடு ஒரு பெட்டிக்குள் போட்டால், பேச்சுக்கான இடம் மிச்சமாகும்.

வெட்டுவதில் தவறு வராது. ஒட்டுவதில்தான் வரும். எங்கள் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகி. அவரைப் பற்றி 2010 மே மாதம் நியூ யோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் லின் ஹெர்ஷ்பெர்க் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அவர் விலையுயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலைச் சாப்பிட்டபடி வெளியாளாக இருக்க விரும்புவதாகச் சொன்னதாக அதில் ஒரு காட்சி வந்தது. அந்தப் பொரியலைச் சாப்பிடலாம் என்று சொன்னதே எழுத்தாளர்தான் என்று காட்ட, எம்.ஐ.ஏ. தன்னிடமிருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். கோபத்தில் எழுத்தாளரின் தொலைபேசி எண்ணையும் பகிரங்கப்படுத்தினார், அது முறையல்ல. ஆனால் உரையாடலின் வெவ்வேறு இடங்களில் சொன்னவை ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்ததைப் பற்றிப் பத்திரிகையே பின்னர் ஆசிரியர் குறிப்பு வெளியிட வேண்டி வந்தது. இரண்டு இடத்துப் பேச்சைச் சேர்த்தால், இடையில் "பின்னர் சொன்னார்" என்ற இரண்டு சொற்களைப் போட்டுவிடுங்கள்.

தலைப்பிலும் கவனம் வேண்டும். கிளீவ் எழுதிய கட்டுரையில், ஏசுவைவிடத் தாங்கள் பிரபலம் என்ற கருத்தில் ஜோன் லெனன் சொன்ன ஒரு வாக்கியம் இருந்தது. அவருடைய வீடு, வாசிப்பு, அலுப்பு என்று நீண்ட விபரிப்பின் நடுவே அது வந்தது. மார்ச் மாதம் இங்கிலாந்தில் வாசித்தவர்கள் பெரிதாக எடுக்கவில்லை. கோடையில் டேட்புக் என்ற அமெரிக்கச் சஞ்சிகை அதே பேச்சிலிருந்து ஒரு வரியைத் தூக்கி அட்டையில் போட்டது. அலபாமாவில் ஒரு வானொலி நிலையம் பீட்டில்ஸ் பாட்டுகளை நிறுத்தியது. வேறு நிலையங்களும் சேர்ந்துகொண்டன. இசைத்தட்டுகள் எரிக்கப்பட்டன. ஓகஸ்டில் லெனன் சிக்காகோவில் விளக்கமும் வருத்தமும் தெரிவித்தார். சொன்ன பேச்சு ஒன்றுதான், வைத்த இடம் மாறியது. பக்கத்தை வடிவமைப்பவர் பெரிய எழுத்தில் ஒரு வரியை எடுக்கும்போது பக்கத்திலிருந்து பார்ப்பது உங்கள் பொறுப்பு.

அச்சுக்கு அனுப்புமுன் பெயர்கள், வருடங்கள், பாட்டுத் தலைப்புகள் ஆகியவற்றைக் குழுவிடம் ஒருமுறை சரிபாருங்கள். முழுக் கட்டுரையையும் காட்ட வேண்டியதில்லை, காட்டினால் திருத்தம் முடியாது. ஒலிப்பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். விட்ட முக்கால் பங்கும் அதில்தான் இருக்கிறது. நாளைக்கு ஒருவர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் அதைத்தான் எடுத்துப் போட்டுக் கேட்க வேண்டும்.

பேட்டி எழுத விரும்பும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.