பாட்டி சொன்ன ஒரு வரி நிரல்

“ஏழு புள்ளி, நாலு வரை, ஊடு புள்ளி.” சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவிய என் பாட்டி, தோட்டத்து லயத்து வாசலில் கோலம் போடச் சொல்லித் தந்தது இவ்வளவுதான்.

ஈப்போவில் மென்பொருள் எழுதும் எனக்கு இன்று அது நிரலாகவே தெரிகிறது. நடு வரிசையில் 7 புள்ளி வை. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறை. 4 வந்ததும் நிறுத்து. மொத்தம் 37 புள்ளி.

இது வெறும் ஒப்புமை இல்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும், சிறிய கோலம் பெரிதாக வளரும்.

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தாமான் வீட்டு வாசல்களில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டுகிறோம். பாட்டிமார் மனத்தில் இருக்கும் விதிகளை யாரும் எழுதி வைக்கவில்லை.

வரும் பள்ளி விடுமுறையில் ஒன்று செய்யலாம். பைத்தான் மொழியோடு ‘டர்ட்டில்’ என்ற வரைகருவி இலவசமாகவே கிடைக்கிறது. “முன்னே போ, திரும்பு” என்று கட்டளை எழுதினால் திரையில் கோடு இழுக்கும். பாட்டி விதி சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும். புள்ளி வைப்பது சுலபம். கோட்டை எங்கே வளைப்பது என்று பிள்ளை தடுமாறும்போது, பதில் பாட்டியிடம்தான் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.