டிக்கெட் இல்லாத நாடகம்

ஊரில் திருவிழா நடக்கும். இரவில் கூத்து இருக்கும். பாயை எடுத்துக்கொண்டு போவோம். தரையில் உட்கார்ந்து விடிய விடியப் பார்ப்போம். அங்கே யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

பட்டணத்து நாடகம் அப்படி இல்லை. அதற்கு மண்டபம் வேண்டும். மேடை, திரை, விளக்கு எல்லாம் வேண்டும். அதற்குப் பணம் செலவாகும். அந்தப் பணத்தை டிக்கெட் விற்றுத்தான் எடுக்க வேண்டும். கையில் காசு இல்லாதவர் வெளியே நிற்க வேண்டியதுதான். ஏழையின் கஷ்டத்தைச் சொல்லும் நாடகமாக இருக்கும். ஆனால் அதை ஏழை பார்க்க முடியாது. இது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பாதல் சர்க்கார். இவர் 1925-ல் கல்கத்தாவில் பிறந்தார். அந்த நகரத்தைத்தான் இப்போது கொல்கத்தா என்கிறோம். இவர் பொறியியல் படித்தவர். நகரங்களைத் திட்டமிடும் வேலை பார்த்தவர். நாடகம் எழுதிப் புகழும் பெற்றார். மேடை நாடகமே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அந்த மேடையை விட்டு அவர் கீழே இறங்கினார்.

1967-ல் அவர் 'சதாப்தி' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். சதாப்தி என்றால் நூற்றாண்டு. 1972 முதல் இந்தக் குழு மேடை இல்லாமல் நடிக்கத் தொடங்கியது. முதலில் ஓர் அறையில் நடித்தார்கள். பிறகு வெட்டவெளிக்கு வந்தார்கள்.

திரை இல்லை. பெரிய விளக்குகள் இல்லை. பட்டு உடைகள் இல்லை. மரம் வேண்டுமா? நடிகர்களே கைகளை விரித்து மரமாக நிற்பார்கள். இயந்திரம் வேண்டுமா? பத்துப் பேர் சேர்ந்து அசைந்தால் அதுதான் இயந்திரம். மக்கள் சுற்றி உட்காருவார்கள். நடிகர்கள் அவர்கள் நடுவில் நடிப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம்.

கிராமத்துக் கூத்து ஒரு வகை. நகரத்து மேடை நாடகம் இன்னொரு வகை. இவருடையது மூன்றாவது வகை. அதனால் இதற்கு 'மூன்றாம் அரங்கு' என்று பெயர் வந்தது.

1974-ல் இவருடைய 'மிச்சில்' என்ற நாடகம் வந்தது. மிச்சில் என்றால் ஊர்வலம். அதில் ஓர் இளைஞன் கொல்லப்படுகிறான். ஆனால் யார் கண்ணிலும் அது படுவதில்லை. நகரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது. கடைசியில் நடிகர்கள் ஊர்வலமாக நடக்கிறார்கள். பார்ப்பவர்களின் கையைப் பிடித்து அழைக்கிறார்கள். அவர்களும் எழுந்து சேர்ந்து நடக்கிறார்கள்.

இப்படித் தெருவில் நின்று பேசுவது எளிதாக இருக்கவில்லை. கல்கத்தாவின் நடுவில் கர்சன் பூங்கா இருந்தது. அங்கே தெரு நாடகங்கள் நடந்து வந்தன. 1974 ஜூலை 20 அன்று அங்கே மக்கள் கூடியிருந்தார்கள். போலீசார் தடியடி நடத்தினார்கள். ஓர் இளைஞர் உயிர் இழந்தார்.

அதன் பிறகு பயந்து வீட்டில் இருந்துவிட்டார்களா? இல்லை. 1976-ல் சதாப்தி குழு அதே பூங்காவில் நடிக்கத் தொடங்கியது. டிக்கெட் கிடையாது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் நின்று பார்த்தார்கள். விருப்பம் உள்ளவர்கள் காசு கொடுத்தார்கள். நடிகர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. மற்ற விடுமுறை நாட்களில் கிராமங்களுக்கும் போனார்கள்.

அப்போது நடித்த ஒரு நாடகம் 'போமா'. வங்காளத்தின் தெற்கே கடலை ஒட்டி சுந்தரவனம் என்ற காடு இருக்கிறது. அங்கே காட்டை வெட்டி வயலாக்கிய ஏழை உழவர்தான் போமா. நகரத்தில் இருப்பவர் சோறு சாப்பிடுகிறார். நெல் விளைவித்தவர் பசியோடு படுக்கிறார். ஏன் இப்படி என்று நாடகம் கேட்கிறது. இதை சுந்தரவனத்துக் கிராமமான ரங்கபேலியாவிலும் நடித்தார்கள். போமாவைப் போன்றவர்களே தங்கள் கதையைப் பார்த்தார்கள்.

பாதல் சர்க்கார் தமிழ்நாட்டுக்கும் வந்தார். 1980-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் பயிற்சி முகாம் நடத்தினார். தமிழ் நாடகக்காரர்கள் அவரிடம் கற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் வீதி நாடகம் வளர அதுவும் உதவியது. 1990-களில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. பாட்டும் நாடகமும் நடத்தி மக்களைப் படிக்க அழைத்தன. அவற்றுக்கும் மேடை தேவைப்படவில்லை. ஊர் மந்தை போதுமாக இருந்தது.

பாதல் சர்க்கார் 2011-ல் காலமானார். நாடகம் போடப் பணம் முக்கியம் இல்லை என்று அவர் காட்டிவிட்டுப் போனார். சொல்ல ஒரு சேதி வேண்டும். சேர்ந்து நிற்க நாலு பேர் வேண்டும். கேட்க மக்கள் வேண்டும். இந்த மூன்றும் நம் தெருவிலும் இருக்கின்றன.

பேசிப் பார்ப்போம்

1. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத குறை எது?
2. அதை நாடகமாகப் போட்டால் எந்த இடத்தில் போடலாம்? அதை யார் கட்டாயம் பார்க்க வேண்டும்?
3. அதில் நீங்கள் என்ன வேடம் போடுவீர்கள்?