ஆட்டோ டயரும் கைக் காத்துப் பம்பும்



ராத்திரி நேரத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியையோ, மூச்சு வாங்கும் பெரியவரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், பக்கத்து லயத்து ஆட்டோக்காரத் தம்பியின் கதவைத்தான் முதலில் தட்டுகிறோம். அந்த நேரம் பார்த்து ஆட்டோவின் பின் டயர் தரையோடு ஒட்டிக் கிடந்தால் என்ன செய்வது? காத்தடிக்கும் கடை டவுனில் இருக்கிறது. அதுவும் விடிந்த பிறகுதான் திறக்கும். டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை, லிந்துலை தாண்டித் தலவாக்கலைக்கு இறங்கும் பாதையில் மேடு, பள்ளம், முடக்கு எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தக் கஷ்டத்துக்கு உதவும் ஒரு சின்னச் சாமான்தான் கையில் கொண்டுபோகக்கூடிய மின்சாரக் காத்துப் பம்ப். இப்போது பலரும் வாங்குகிறார்கள். அதைச் சரியாகப் பாவிக்கும் முறையை இங்கே சொல்கிறோம்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது?

சைக்கிள் பம்பில் நம் கை செய்யும் வேலையை இதில் ஒரு குட்டி மோட்டார் செய்கிறது. ஒரு வகை வாகனத்தின் 12 வோல்ட் பெட்டரியில் ஓடும். இன்னொரு வகைக்கு உள்ளேயே பெட்டரி உண்டு, கைப்பேசி போல சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். ஆட்டோ, வேன், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே மாதிரி வால்வுதான், ஆகவே ஒரே பம்ப் போதும். தோட்டத்து லொறி டயருக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு 100 இறாத்தல் அளவில் காத்து வேண்டும். அது கடைக்காரரின் வேலை, ஆபத்தும் அதிகம்.

எவ்வளவு அடிப்பது?

காத்தின் அழுத்தத்தை நாம் 'இறாத்தல்' என்று சொல்கிறோம். பம்பில் அது 'பி.எஸ்.ஐ.' என்றிருக்கும். 30 இறாத்தல் என்பது ஏறக்குறைய 2 பார், அல்லது 207 கிலோ பாஸ்கல். அடிக்கும் முன் எந்த அளவில் பம்ப் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று வேறாகவும் இருக்கலாம். டயரின் பக்கத்தில் அச்சடித்த எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அந்த அளவுக்கு அடிக்கக் கூடாது.

டயர் ஆறியிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்ப்பது நல்லது. ஓடி வந்த டயர் சூடாகி, நாலைந்து இறாத்தல் கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காத்தைத் திறந்து விட்டால், ஆறிய பிறகு குறைந்துபோகும். நம்ம பக்கம் தை மாதப் பனியிலும் கவனம் வேண்டும். 10 பாகை குளிர் கூடினால் 1 முதல் 2 இறாத்தல் தானாகவே இறங்கும்.

அடிக்கும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.
2. வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள், புல்லில் விழுந்தால் கிடைக்காது.
3. பெட்டரியில் நேரே மாட்டும் பம்ப் என்றால் சிவப்பு வயர் கூட்டல் முனைக்கு, கறுப்பு கழித்தல் முனைக்கு.
4. குழாயை வால்வில் இறுக்கி, தேவையான அளவை வைத்து ஓட விடுங்கள்.
5. பத்து நிமிஷத்துக்கு மேல் விடாமல் ஓட்ட வேண்டாம், மோட்டார் கருகிவிடும். ஆற விட்டு மறுபடி ஓட்டுங்கள். குழாயின் நுனி சுடும், பார்த்துத் தொடுங்கள்.
6. முடிந்ததும் வால்வில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் காத்து கசிகிறது.

மறக்கக்கூடாத ஒன்று

பம்ப் காத்தை ஏற்றும், ஓட்டையை அடைக்காது. இரவில் இறங்கிய டயருக்குக் காத்தடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம். மறுநாள் கடையில் காட்டியே ஆக வேண்டும். "காத்து நிக்குதே, பாத்துக்கலாம்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். காத்துக் குறைந்த டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். முடக்கில் வண்டி இழுக்கும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. காத்தே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடிய டயர் உள்ளே கிழிந்திருக்கும். அதற்குக் காத்தடித்தால் வெடிக்கக்கூடும். அதைக் கழற்றிவிட்டு மேலதிக டயரை மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்த மேலதிக டயரிலும் காத்துப் பாருங்கள்.

காத்து அடைத்த டயரின் கதையிலும் மூன்று சக்கரம் உண்டு. 1887இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற மிருக வைத்தியர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகத்தான் அதைச் செய்தார். அதற்கு வேண்டிய ரப்பர் கன்றுகள் 1876இலேயே இலங்கைக்கு வந்துவிட்டன. பிறகு களுத்துறை, கேகாலைப் பக்கங்களில் பால் வெட்டியவர்களிலும் நம் சனம் உண்டு.

ஆளுக்கொரு பம்ப் வாங்க வேண்டியதில்லை. ஒரு லயத்தைச் சுற்றியுள்ள நாலைந்து ஆட்டோக்காரர்கள் சேர்ந்து, சீட்டுக் காசில் ஒன்று வாங்கினால் போதும். அது யார் வீட்டில் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறதா என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.