தொட்டி கலங்கினால் தவளை என்ன ஆகும்?

ஜொகூர் பாரு தாமான் வீடுகளில் பிள்ளைகள் படிக்கும் மேசைமேல் சின்னக் கண்ணாடித் தொட்டி வைப்பது பெருகிவருகிறது. நாலைந்து நீர்ச்செடி, ஒரு மரக்கட்டை, இரண்டு ஆப்பிரிக்கக் குட்டித் தவளை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். பதறிப்போய் சிலர் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குழாயில் பிடித்து நிரப்புகிறார்கள். சிலர் கடைக்குப் போய்த் தெளியவைக்கும் மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். முதலாவது தவளையைக் கொன்றுவிடக்கூடும். இரண்டாவது கலங்கலை அடியில் படியவைத்து, உள்ளே இருக்கும் ஆபத்தை நம் கண்ணுக்கு மறைத்துவிடும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். தேநீர் நிறமென்றால் மரக்கட்டையோ கெத்தாப்பாங் இலையோ சாயம் விட்டிருக்கிறது. தவளைக்கு அதனால் கெடுதல் இல்லை. சாம்பல் நிறத் தூசி என்றால் மணலைச் சரியாகக் கழுவவில்லை. பச்சை என்றால் வெயிலோ விளக்கோ அதிகம். தொட்டியைச் சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். கவனிக்க வேண்டியது வெள்ளைக் கலங்கல். தின்னாமல் விட்ட தீனி, அழுகிய இலை, கழிவு இவற்றை உண்டு பாக்டீரியா திடீரெனப் பெருகுவதன் அடையாளம் அது. புதுத் தொட்டியில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் அதோடு கூடவே வரும் அமோனியா அவ்வளவு சீக்கிரம் அடங்காது, கண்ணுக்கும் தெரியாது.

அமோனியா என்ன செய்யும் என்பது ஜொகூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அதன் அளவு கூடியபோது சுத்திகரிப்பு நிலையங்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஓர் ஆற்று நீரையே எடுக்க முடியாமல் செய்த பொருள் பத்து லிட்டர் தொட்டிக்குள் என்ன செய்யும்! செடிகளுக்காகப் புதிதாகப் போட்ட சத்துமண்ணிலிருந்தும் முதல் சில வாரங்கள் அது கசியும். நம் ஊர் வெப்பத்தில் தீனி சீக்கிரம் அழுகும். நீர் சூடாக ஆக அமோனியாவின் நச்சும் ஏறும். தவளை நுரையீரலால் சுவாசிக்கும், மேலே வந்து காற்றெடுக்கும். அதனால் மீனைப்போல் மூச்சுத் திணறிக் காட்டாது. ஆனால் நீரில் கரைந்த நச்சு அதன் மெல்லிய தோல் வழியே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தோல் சிவப்பது, தீனி எடுக்காமல் மூலையில் கிடப்பது தெரியும்போது பாதி காலம் கடந்திருக்கும்.

அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முறைப்படி அதுவரை தவளையே விடக்கூடாது. விட்டுவிட்டவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். சோதனைக் குப்பியில் அமோனியா பூஜ்யம் காட்டும்வரை தினமும் செய்யலாம். குழாய்நீரில் ஆன்டி-குளோரின் கட்டாயம், ஏனெனில் குளோரின் தவளையின் தோலையும் தாக்கும், நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். செம்பு கலந்த மீன் மருந்தும் உப்பும் தவளைத் தொட்டிக்கு ஆகாது.

எடுத்த நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் 44 மாநிலங்களில் 376 பேருக்கு வந்த சால்மொனெல்லா தொற்று, இதே ஆப்பிரிக்கக் குட்டித் தவளைகளோடு தொடர்புடையது. பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். தொட்டியில் கைவிட்ட பிள்ளை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொடவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இந்தத் தவளை வேண்டாம் என்பதே என் கருத்து.

எவ்வளவு கவனித்தும் கலங்கல் தீரவில்லையா? தவளையின் முன்கால்களைப் பாருங்கள். குட்டி இனத்துக்கு முன்கால் விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. சுமார் நாலு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். சவ்வு இல்லாமல் விரல்கள் தனித்தனியாக இருந்தால் அது நகத் தவளையாக இருக்கலாம். உள்ளங்கை அளவுக்கு வளரும்; கழிவும் அந்த அளவுக்குப் போடும். சின்னத் தொட்டி அதைத் தாங்காது. வளர்ந்துவிட்டதென்று கால்வாயில் விட்டுவிடாதீர்கள். தனக்கு நோய் தெரியாமலே கைட்ரிட் என்னும் தோல் பூஞ்சையைச் சுமக்கக்கூடிய இனம் அது. உலகின் பல இடங்களில் காட்டுத் தவளைகளுக்கு அந்தப் பூஞ்சை எமனாகியிருக்கிறது.

ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்றால் அது கடைக்காரர் தவறு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ‘பொருள்’ என்பதில் மீன் உள்ளிட்ட விலங்குகளையும் செடிகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. சொன்ன இனமாக இருக்கவேண்டும், தரம் ஏற்கத்தக்கதாக இருக்கவேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அறிவிப்புப் பலகை அந்த உரிமையைப் பறிக்காது. நாமே குளோரின் நீரை ஊற்றிக் கொன்றுவிட்டுக் கடையைக் குற்றம் சொன்னால் நிற்காது. அதனால்தான் வாங்கிய அன்றே தவளையையும் தொட்டியையும் படமெடுத்து வைக்கச் சொல்கிறேன். குறை குழாய்நீரில் என்றால் போகவேண்டிய இடம் வேறு. தண்ணீர்த் தடைக்குப் பிறகு குழாயில் பழுப்பு நீர் வந்தால் அதைத் தொட்டியில் ஊற்றாமல், ஜொகூரில் நீர் விநியோகிக்கும் ரான்ஹில் எஸ்ஏஜே நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். பலனில்லையென்றால் ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச்சேவை ஆணையம் இருக்கிறது.

கடைக்காரர் செவிசாய்க்காவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் செய்யவேண்டும். ரசீதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.