தனிமையும் ஐக்கியமும்

சென்ற ஆண்டு யாம் விடுதியில் தனியறை ஒன்று வேண்டுமென விண்ணப்பித்துப் பெற்றோம். தேர்வுக்குப் படித்தல் ஒரு காரணம். எனினும், ஜெபத்திற்கும் தியானத்திற்கும் தனிமையே உகந்தது என்னும் எண்ணமே எம்மைப் பெரிதும் தூண்டியது. மூன்று மாத காலம் எவரிடத்தும் யாம் சினங்கொள்ளவில்லை. பொறுமையில் தேறிவிட்டோமென மகிழ்ந்திருந்தோம். விடுமுறைக்கு வீடு சென்ற முதல் நாளே எம் தம்பி எமது புத்தகத்தின்மேல் காப்பியைச் சிந்தினான். அத்தேர்ச்சி எத்தகையதென்பது அப்பொழுது வெளியாயிற்று. மெய்யான பக்தியுடையோனுக்குக் கடவுள் ஒருவரே போதாரோ, பிற மனிதருடைய உறவு அவனுக்கு எற்றுக்கு என்னும் வினா அன்று முதல் எம்மை விட்டகலவில்லை.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் தம் படைப்பை நல்லதெனக் கண்டாரென்று பன்முறை வருகின்றது. நல்லதன்று என அவர் முதன்முதலாகக் குறித்தது மனிதன் தனித்திருத்தலையே. அது இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. பாவம் உலகிற் புகுந்த வரலாறோ மூன்றாம் அதிகாரத்திற்றான் வருகின்றது. இவ்வரிசை நுணுகி நோக்கற்பாலது. கடவுளுடைய சமுகத்தில் யாதொரு தடையுமின்றி வாழ்ந்தவனையே அவர் தனித்தவன் என்கின்றார். ஆகவே, பிறருறவை நாடுதல் பாவத்தால் நேர்ந்த குறையன்று. பக்தி முதிர முதிர ஒழிந்துபோவதுமன்று.

அப்பகுதி திருமணத்தைக் குறித்ததன்றோ என வினவுவார் உளர். திருமணத்தைக் குறித்ததே, எனினும் அதனோடு நின்றுவிடுவதன்று. நம் ஆண்டவர் மணமின்றி வாழ்ந்தார். அவர் பன்னிருவரைத் தெரிந்தெடுத்ததற்கு மாற்கு சுவிசேஷம் முதலாவது கூறும் நோக்கம் அவர்கள் தம்மோடிருக்க வேண்டுமென்பதே. கெத்செமனேயில் பிதாவை நோக்கி வேண்டிய அவ்விரவிலும் மூன்று சீஷர் அருகில் விழித்திருத்தலை அவர் விரும்பினார். அவர்கள் உறங்கிப்போயினர் என்பது வேறு.

இதனை வாழ்க்கையில் வைத்து ஆராய்ந்தவர்கள் நான்காம் நூற்றாண்டின் துறவிகள். எகிப்து தேசத்து அந்தோனியார் ஆலயத்தில் வாசிக்கப்பட்ட சுவிசேஷப் பகுதியைக் கேட்டுத் தம் உடைமைகளைத் துறந்து, பாழ்பட்ட கோட்டையொன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனித்துறைந்தார். துறவுக்கு எடுத்துக்காட்டாக அவரையே கூறுவர். ஆனால், அவர் சரிதையை எழுதிய அத்தனாசியார் அவ்வளவில் நிறுத்தவில்லை. துன்புறுத்துங் காலத்தில் அந்தோனியார் அலெக்சாந்திரியா சென்று சிறைப்பட்ட விசுவாசிகளுக்குத் தொண்டு செய்தார், கி.பி. 356-இல் மரிக்கும்பொழுது அவரைப் பேணிய சீஷர் இருவர் உடனிருந்தனர்.

அந்நாட்டினரே பக்கோமியார். அவர் புறச்சமயத்தவராய்ப் பிறந்தவர். இளமையில் படைக்கு வலிந்து பிடிக்கப்பட்டு, ஏனையோருடன் காவலில் அடைக்கப்பட்டிருந்தார். அவ்வூர்க் கிறிஸ்தவர் சிலர் உணவு கொணர்ந்தளித்தனர். முன்பின் அறியாத தமக்கு இவர் இரங்குவானேன் என வினவியே அவர் கிறிஸ்துவின் பெயரை அறிந்தார். அவருக்கு முதற்கண் எட்டியது உபதேசமன்று, அயலார் கையிலிருந்து வந்த உணவு. படையினின்று விடுபட்டு ஞானஸ்நானம் பெற்றபின், முதிய துறவி ஒருவரிடம் சிலகாலம் பயின்று, தபென்னீசி என்னும் நைல்நதிக்கரைச் சிற்றூரில் துறவியர் கூடிவாழும் மடமொன்றை நிறுவினார். அங்கே ஜெபமும், உணவும், பாய்முடைதல் முதலிய தொழில்களும் பொதுவாயின. அவர் உடன்பிறந்தாள் மரியாளும் பெண்டிருக்கென ஒரு மடத்தை நடத்தினாள். கி.பி. 346-இல் பரவிய கொள்ளைநோயில் அவர் மரித்தார்.

கூடிவாழ்தலின் காரணங்களை வகுத்துரைத்தவர் கப்பத்தோக்கியா நாட்டுச் செசரியாவின் பசீலியார். அவர் எகிப்து, சீரியா முதலிய நாடுகளிற் சென்று துறவியர் வாழ்க்கையை நேரிற் கண்டவர். தனித்திருப்போன் தன் குற்றத்தை அறியான், எடுத்துக்காட்டுவோர் இன்மையின். ஆவியின் வரங்கள் பலருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருத்தலின், ஒருவனிடத்து எல்லாம் அமையா. கால்களைக் கழுவுமாறு ஆண்டவர் காட்டிய முன்மாதிரியைப் பின்பற்றுதற்கும் வேறொருவன் கால்கள் வேண்டும். அவர் வாதத்தின் சாரம் இது. எம் தனியறைப் பொறுமை எத்தகையதென்பது இதனைப் படித்தபொழுதே எமக்கு விளங்கிற்று. இடர் செய்வோன் இல்லாத இடத்தில் பொறுமைக்கு வேலையில்லை. பசீலியார் பேச்சளவில் நின்றவருமல்லர். பஞ்சம் வந்துற்றபொழுது ஏழைகளுக்கு உணவளித்ததுடன், நகர்ப்புறத்தே பிணியாளரும் குஷ்டரோகிகளும் பேணப்படும் இல்லங்களையும் அமைத்தார்.

ஆயினும், உறவு என்பது இன்பமே என்றெண்ணுதல் கூடாது. பசீலியாரின் ஆருயிர் நண்பர் நசியான்சு நகரத்துக் கிரகோரியார். இருவரும் ஆதென்ஸ் மாநகரில் ஒருங்கு கற்றவர். நம்மைப் போன்ற மாணாக்கர்! பின்னர் அத்தியட்சரான பசீலியார், தமக்கெதிராய் எழுந்த பூசலில் தம் பக்கத்தை வலுப்படுத்த வேண்டி, கி.பி. 372-இல் கிரகோரியாரைச் சசீமா என்னும் ஊருக்கு அத்தியட்சராக்கினார். அது வண்டிகளும் புழுதியும் நிறைந்த வழித்தங்கல். நண்பர் தம்மைக் கருவியாக்கிக்கொண்டார் எனக் கிரகோரியார் நொந்தார். அப்பணியை ஏற்று நிலைத்திருக்கவுமில்லை. ஐக்கிய வாழ்வுக்கு விதி வகுத்த பெரியாரே இங்ஙனம் நண்பர் மனத்தைப் புண்படுத்தினாரென்றால், விடுதியில் ஓரறையில் இருவர் பிணங்குதல் வியப்பன்று.

கி.பி. 379-இல் பசீலியார் மரித்தார். சில ஆண்டுகள் கழிந்தபின் கிரகோரியார் அவரைக் குறித்து நெடியதோர் இரங்கலுரை நிகழ்த்தினார். நண்பர் செய்த ஏனைய யாவற்றையும் புகழ்ந்த அவர், சசீமாவைக் குறித்துத் தம் மனக்குறை ஆறவில்லையென்பதை அவ்வுரையிலும் மறைத்தாரல்லர். அவ்வுரையிலேயே, ஆதென்ஸ் நகரில் தாமும் அவரும் ஒரே விடுதியில் தங்கி, ஒருங்குண்டு, ஒருங்கு கற்ற நாட்களை நினைந்து நெடிது பேசுகின்றார்.