விட்டிற்பூச்சியின் பெயர் தாங்கிய விமானம்

நோட்டன் பிரிட்ஜில் ஆகாய விமானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரியவர்களின் நினைவு 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி இரவுக்கே செல்லும். மக்கா யாத்திரை செல்லும் இந்தோனேசிய முஸ்லிம்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவை நோக்கி வந்த டி.சி. 8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அவ்விமானத்தின் சக்கர டயர் ஒன்று நோட்டனில் நினைவுப் பொருளாக வைக்கப்பட்டதை அறியாதார் இப்பகுதியில் இல்லை. அந்த ஒரே டயரைக் கண்டவர்க்கு, நாம் இங்கே சொல்லப்போகும் விமானம் ஒரு விளையாட்டுப் பொருளாகவே தோன்றக்கூடும். வெறுமையாக அதன் நிறை 1,265 இறாத்தல். ஆட்களும் பெற்றோலும் மூட்டையும் ஏற்றிய பின்னரும் ஒரு தொன்னை எட்டாது. எனினும் ரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாகச் சக்கரம் பதித்த பெருமை இச்சிறு விமானத்துக்கே உரியது.

அதன் பெயர் புஸ் மொத். மொத் என்றால் இரவில் விளக்கைச் சுற்றும் விட்டிற்பூச்சி. புஸ் மொத் அவ்வினத்துள் ஒன்று. இலண்டனுக்கு அருகே விமானத் தொழிற்சாலை நடத்திய ஜெப்ரி டி ஹவிலண்ட் என்பவர் வண்ணத்துப் பூச்சிகளையும் விட்டில்களையும் பிடித்து ஆராய்வதில் பேராசை கொண்டவர். 1925இல் அவர் அமைத்த இரட்டை இறக்கைச் சிறு விமானத்தின் இறக்கைகளைப் பின்னோக்கி மடக்கி வைக்கலாம். அதைக் கண்டதும் ஓய்ந்திருக்கும் விட்டில் அவர் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. மொத் என்ற பெயர் நிலைத்தது; பின்னர் வந்த குடும்பம் முழுவதும் அப்பெயரையே சுமந்தது.

முதல் மொத் விமானத்தில் ஏறுவோர் தோற்கோட்டும் கண்ணாடியும் பூண்டு, காற்றும் மழையும் முகத்தில் அறையத் திறந்த வெளியில் அமர வேண்டும். அலுவலக உடையோடு ஏறி, கசங்காமல் இறங்கக்கூடிய விமானம் வேண்டுமென்று வசதி படைத்தோர் கேட்கலாயினர். அதற்கு விடையாக 1929 செப்டெம்பரில் டி.எச். 80 என்ற மாதிரி விமானம் பறந்தது. மேலே ஒற்றை இறக்கை. கீழே கண்ணாடிச் சாளரங்களும் கதவுகளும் உள்ள மூடிய அறை. மோட்டார் வண்டிக்குச் சிறகு முளைத்தாற்போன்ற தோற்றம்!

இதன் யந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விமான யந்திரத்தின் உருளைகள் சுழல்தண்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்பதே அக்கால வழக்கம். அவை விமானியின் கண்ணுக்கு நேரே சுவர் எழுப்பினாற்போல நின்று மறைக்கும். டி ஹவிலண்டின் ஆட்கள் யந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்கள். தண்டு மேலே, உருளைகள் கீழே! இதனால் மூக்குப் பகுதி தாழ்ந்து பார்வை தெளிவாயிற்று. சுழல்விசிறியும் உயரத்துக்குச் சென்றமையால் சக்கரக் கால்களைக் குட்டையாக அமைக்க முடிந்தது. ஜிப்ஸி 3 எனப்பட்ட இந்த யந்திரத்தின் வலு 120 குதிரைசக்தி. பின்னர் 130 குதிரைசக்தியுள்ள ஜிப்ஸி மேஜரும் சில விமானங்களிற் பொருத்தப்பட்டது.

மாதிரி விமானத்தின் உடல் மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் ஆனது. 1930இல் விற்பனைக்கு வந்த டி.எச். 80ஏ விமானத்திலோ உருக்குக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தப்பட்டது. விமானியும் ஒரு பிரயாணியும் தாராளமாக அமரலாம்; சற்று நெருக்கிக்கொண்டால் மூன்றாமவர்க்கும் இடமுண்டு. தரையிறங்கும்போது வேகத்தைக் குறைப்பதற்குச் செய்திருந்த ஏற்பாடு மிகவும் எளிமையானது. சக்கரக் கால்களை மூடியிருக்கும் தட்டையான உறையை விமானி உள்ளிருந்தே ஒரு பிடியால் குறுக்காகத் திருப்பிவிடுவார். காற்றைக் கிழித்துச் சென்ற அதே உறை இப்போது காற்றைத் தடுக்கும் பலகையாகிவிடும். இங்கிலாந்தில் 259 விமானங்களும் கனடாவில் 25 விமானங்களும் கட்டப்பட்டன. எமி ஜோன்சன் அம்மையார் இதில் ஏறி 1932இல் கேப்டவுனுக்குப் பறந்தார். அவர் கணவர் ஜிம் மொலிசன் அதே ஆண்டு ஆகஸ்டில் அயர்லாந்திலிருந்து புறப்பட்டு, கிழக்கிலிருந்து மேற்காக அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியொருவராகக் கடந்தார். அவ்வாறு கடந்தவருள் அவரே முதல்வர்.

இத்தனை புகழுக்கும் நடுவே ஒரு கருநிழல் படர்ந்திருந்தது. 1930 ஒக்டோபரில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு புஸ் மொத் பறந்துகொண்டிருக்கையிலேயே உடைந்து வீழ்ந்தது. 1931 மே மாதத்தில் தென்னாபிரிக்காவின் டிராக்கன்ஸ்பேர்க் மலைப்பகுதியில் கிளென் கிட்ஸ்டன் என்ற புகழ்பெற்ற விமானி அவ்வாறே உயிரிழந்தார். இங்கிலாந்திலும் அத்தகைய விபத்து நேர்ந்தது. 1932 செப்டெம்பரில் அவுஸ்திரேலியப் போர்வீரரான லெஸ் ஹோல்டன் பிரயாணியாகச் சென்று மாண்டார். ஒன்றிரண்டாயின் புயலையோ விமானியையோ குறை கூறி விட்டுவிடலாம். பல நாடுகளில், பல கைகளில், ஒரே வகை விமானம் சிறகொடிந்து வீழ்ந்தால் குறை விமானத்தில் அன்றோ இருத்தல் வேண்டும்?

இங்கிலாந்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இக்கேள்வியோடு போராடின. தரையில் சோதித்தபோது இறக்கை உறுதியாகவே நின்றது. அமைதியான காற்றிலும் அது பிசகவில்லை. கொந்தளிக்கும் காற்றில் வேகமாகச் செல்லும்போதுதான் இறக்கையும் அதைத் தாங்கும் கம்பும் துடிதுடிக்கத் தொடங்கின. அத்துடிப்பு நொடிப் பொழுதிற் பெருகி இறக்கையையே முறித்துவிட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மலைமுகட்டைத் தாண்டிவரும் காற்று பள்ளத்தாக்கில் எவ்வாறு சுழன்றடிக்கும் என்பதைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தகரக் கூரையொன்று பறப்பதற்கு முன் எப்படிப் படபடக்கிறதோ, அதுவே அச்சிறகுக்கும் நேர்ந்தது. பரிகாரமோ மிகச் சிறியது. முன்புறத் தாங்கு கம்பின் நடுவிலிருந்து இறக்கையின் பின்பகுதிக்கு ஒரு சிறு துணைக்கம்பு வைக்கப்பட்டது; அவ்வளவே. அந்தக் கம்பு தொடக்கத்திலேயே இருந்திருப்பின் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும்!

இந்த அச்சம் முற்றும் தீராத நாளிலேதான் டாட்டாவின் ஆகாயத் தபால் பிறந்தது. ஹோல்டன் இறந்து ஒரு மாதங்கூட நிறையவில்லை. 1932 ஒக்டோபர் 15ஆந் திகதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு புஸ் மொத்தில் தபால் மூட்டைகளோடு தனியே புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹு மைதானத்தில் இறங்கினார். அகமதாபாத்தில் அவருக்கு வேண்டிய பெற்றோல் மாட்டுவண்டியில் வந்தது. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் தபாலை ஏற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். வழிகாட்டும் வானொலி கிடையாது. மழைக்காலத்தில் ஜுஹு மைதானம் சேறாகிவிடும். அப்போது பூனாவிலிருந்து பறக்க வேண்டும். அவ்வளவிருந்தும் முதலாண்டிலேயே 155 பிரயாணிகள் அந்தச் சேவையிற் சென்றனர். அந்த 155 பேரின் துணிவை நாம் சாதாரணமாக எண்ணலாகாது.

புஸ் மொத்துக்குப் பின் வந்தவற்றுள் இரண்டைச் சொன்னாற் போதும். 1932இல் வந்த பொக்ஸ் மொத் இரட்டை இறக்கை விமானம். அதில் மூன்று நான்கு பிரயாணிகள் முன்னேயுள்ள மூடிய அறையில் சுகமாக அமர்ந்திருக்க, பாவம், விமானி மட்டும் பின்னே திறந்த வெளியில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஓட்டுவார்! 1933இல் வந்த லெப்பர்ட் மொத் புஸ் மொத்தின் நேர் வாரிசு. இதில் உருக்குச் சட்டத்தைக் கைவிட்டு மீண்டும் ஒட்டுப்பலகைக்குத் திரும்பினர், நிறை குறைந்தது. விமானி முன்னே நடுவிலும் பிரயாணிகள் இருவர் பின்னே அருகருகாகவும் அமர்ந்தனர். டி ஹவிலண்டே அதை ஓட்டி அவ்வாண்டு மன்னர் கிண்ணப் போட்டியில் வென்றார்.

பிரெஞ்சுக்காரரும் வாளாவிருக்கவில்லை. பார்மன் நிறுவனத்தின் 190ஆம் இலக்க விமானம் 1928இலேயே விமானியோடு நான்கு பிரயாணிகளை மூடிய அறையில் ஏற்றிச் சென்றது. யந்திரம் மாறுந்தோறும் அதற்கு ஒரு புது இலக்கம் சூட்டினார்கள். கோட்ரோன் நிறுவனம் 1932இல் வெளியிட்ட ஒற்றை இறக்கைச் சிறு விமானத்துக்கு இட்ட பெயர் பலேன். அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள் என்ன என்கிறீர்கள்? விட்டிற்பூச்சியேதான்!

இனி நம் தீவுக்கு வருவோம். 1935 நவம்பர் 27ஆந் திகதி சென்னைப் பறத்தற் கழகத்தின் பிரதம போதனாசிரியரான டிண்டேல் பிஸ்கோ என்பவர் ஒரு புஸ் மொத்தை ஓட்டிவந்து, புதிதாக அமைந்த ரத்மலானை மைதானத்தில் இறக்கினார். சென்னைக்கும் ரத்மலானைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 430 மைல். இவ்வகை விமானம் வழக்கமான அளவு பெற்றோலுடன் 300 மைலே பறக்கும். ஆகையால் வழியில் இறங்கியோ, மேலதிகப் பெற்றோல் சுமந்தோதான் அத்தூரத்தைக் கடத்தல் இயலும். ஒற்றை யந்திரம் நின்றுபோனால் கீழே பாக்கு நீரிணை.

அந்நாளில் நம் தோட்டத்து மக்களுக்கும் சென்னை மாகாணத்திலுள்ள சுற்றத்தாருக்கும் இடையே இருந்த வழி ஒன்றே. ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் மீண்டும் ரயிலேற வேண்டும். கடிதங்களும் அவ்வழியே சென்றன. 1938 பெப்ரவரி 28ஆந் திகதி டாட்டாவின் விமானத்தில் நெவில் வின்சென்ட் ஆகாயத் தபாலை ரத்மலானைக்குக் கொண்டுவந்தபோது அவ்வழிக்கு ஒரு போட்டி எழுந்தது. எனினும் லயத்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் ரயிலையும் கப்பலையுமே நம்பியிருந்தனர். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

டாட்டா தமது முதற் பிரயாணத்தை மறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1982 ஒக்டோபர் 15ஆந் திகதி, தமது 78ஆம் வயதில், அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் அதே வழியிற் பறந்தார். இம்முறை அவர் ஓட்டிய விமானம் ஒரு லெப்பர்ட் மொத்.