அழுத்தினாலும் மறையாத சிவப்பு

தோலில் தெரியும் சிவப்புப் புள்ளியின் மேல் தோல் மருத்துவர் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்துகிறார். சிவப்பு மறைந்தால் ரத்தம் இன்னும் குழாய்க்குள்ளேதான் ஓடுகிறது. மறையாவிட்டால் அது கசிந்து வெளியேறிவிட்டது. அந்தப் புள்ளி விரலுக்கும் தட்டுப்பட்டால், சிறு ரத்தக்குழாய் அழற்சி என்ற சந்தேகம் வலுக்கும். மருத்துவர்கள் இதை வாஸ்குலைட்டிஸ் என்பார்கள்.

உடலின் எதிர்ப்புப் புரதங்கள் நுண்ணிய சிரைகளின் சுவரில் படிகின்றன. அவற்றை அழிக்க வரும் வெள்ளணுக்கள் சுவரையும் சேர்த்துச் சிதைத்துவிடுகின்றன. நிற்கும்போது அழுத்தம் கூடுவது கால்களில் என்பதால், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் புள்ளிகள் தோன்றும்.

இந்த வழக்கத்துக்கு அடங்காத வகைகளும் உண்டு. 1913இல் அமெரிக்க மருத்துவர் இர்விங் ஸ்னோ விவரித்த நோய், பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. சளியோ காய்ச்சலோ வந்து போன சில நாளில் கன்னத்திலும் காதிலும் நாணயம் போன்ற கருஞ்சிவப்பு வட்டங்கள் கிளம்பும், கைகால் வீங்கும். யாரோ குழந்தையை அடித்துவிட்டார்களோ என்றுகூடப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். குழந்தையோ எதுவும் நடக்காததுபோல் விளையாடிக்கொண்டிருக்கும்! உயிருக்கு ஆபத்தான மெனிங்கோகாக்கஸ் தொற்று இல்லை என்று உறுதிசெய்வதுதான் மருத்துவரின் அவசர வேலை. மற்றபடி, பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும்.

இன்னொன்று காணாக்கடியாக வேஷம் போடும். சாதாரணக் காணாக்கடித் தடிப்பு அரிக்கும், ஒரு நாளுக்குள் அடங்கும். இது எரியும், ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும், போகும்போது கன்றிய தடத்தை விட்டுப்போகும்.

வெயிலில் நெடுநேரம் நடந்தவர்களின் காலில் வரும் வகைக்கு 'கோல்ஃப் ஆட்டக்காரர் வாஸ்குலைட்டிஸ்' என்று பெயர். மலையேறுபவர்களுக்கும் மாரத்தான் ஓடுபவர்களுக்கும் இது வரும். இதில் வேடிக்கை, சாக்ஸ் இறுக்கிப் பிடித்த இடம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். வெயில் அலர்ஜி என்று நினைத்து களிம்பு தடவுபவர்கள் உண்டு. ஓய்வெடுத்தாலே பொதுவாகப் பத்து நாளில் மறைந்துவிடும்.

எல்லாமே இப்படிச் சாதுவானவை அல்ல. 1802இல் வெளியான நூலில் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார்: காலில் ரத்தப் புள்ளிகள், வயிற்றுவலி, சிறுநீரில் ரத்தம். இன்று ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் எனப்படும் இந்த நோயில் தோல் தெளிந்த பிறகும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அதனால்தான் புள்ளிகள் மறைந்து மாதங்கள் ஆன பின்னும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள்.